ஸ்பானிஷில் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ்: தமிழ் வழியாகப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

காட்பாடியில் மாலை நேரத்தில் ஸ்பானிஷ் வகுப்பு எடுக்கிறேன். இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள், வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸுகள் வருகிறார்கள், ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் ஏற்றுமதி ஆர்டர் பார்ப்பவர்கள் வருகிறார்கள். சப்ஜங்டிவ் என்பது விருப்பம், கட்டளை, சந்தேகம், கற்பனை மாதிரி இடங்களில் வரும் வினை வடிவம். அதில் நிகழ்கால சப்ஜங்டிவ் வரைக்கும் எல்லாரும் எப்படியோ வந்துவிடுகிறார்கள். அதன் இறந்தகால வடிவமாக அடுத்து வரும் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவில்தான் பலருக்கும் கால் தயங்குகிறது.

பாடம் அவ்வளவு கடினமானது இல்லை. நாம் போகும் வழி சுற்றுவழி. கையில் கிடைக்கும் புத்தகங்கள் எல்லாம் இங்கிலீஷ் வழியாக விளக்குகின்றன. இங்கிலீஷில் சப்ஜங்டிவ் பெரும்பாலும் தேய்ந்துபோய், ‘இஃப் ஐ வேர்’ மாதிரி ஒன்றிரண்டு இடத்தில்தான் மிச்சம் இருக்கிறது. தமிழில் அந்த வேலையைச் செய்யும் வடிவங்கள் தினமும் நம் வாயில் புழங்குகின்றன: வந்தால், வரச் சொன்னார், நீ வரணும்னு நினைத்தேன், தெரிந்த மாதிரி, மழை பெய்யக்கூடாதா. இவற்றைப் பிடித்துக்கொண்டு நேராகப் போய்விடலாம். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எழுத்து முறை பற்றி முதலில்

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதப்போகிறேன். தமிழில் குறில், நெடில் இருப்பது இங்கே பெரிய வசதி. ஸ்பானிஷில் எந்த அசையில் அழுத்தம் விழுகிறதோ அதை நெடிலாகவும், மற்றதைக் குறிலாகவும் எழுதுகிறேன். ‘பேசு’ என்பதற்கான வினைச்சொல் அப்லார், அழுத்தம் ‘லா’வில். ‘கெ’, ‘ஸி’, ‘உன’ மாதிரிச் சின்னச் சொற்கள் குறிலிலேயே இருக்கும். புத்தகத்தில் ‘வி’ எழுத்து இருக்கும் இடத்தில் ‘வ’ போடுகிறேன். சொல்லும்போது இரண்டு உதடும் லேசாகத் தொடும்படி, ‘தம்பி’யில் வரும் பகரம் போலச் சொல்லுங்கள். ஸ்பானிஷில் ‘பி’, ‘வி’ இரண்டு எழுத்துக்கும் ஒலி ஒன்றுதான். ‘ஹெச்’ எழுத்துக்கு ஒலியே இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன். ‘ஹ’ என்று நான் எழுதும் இடங்களில் புத்தகத்தில் ‘ஜே’ எழுத்து இருக்கும்.

படி 1: நம் ‘-ஆல்’ எப்படி உருவாகிறது என்று பாருங்கள்

வந்தால், போனால், செய்தால், படித்தால், சாப்பிட்டால். இந்த ‘-ஆல்’ எதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது? வந்தான், போனான், செய்தான் என்பதில் உள்ள அதே இறந்தகாலப் பகுதியின் மேல். ‘நாளைக்கு அவர் வந்தால்’ என்கிறோம். நடக்கப்போவது நாளை, ஆனால் வினையில் இருப்பது இறந்தகால ‘வந்த்’. இது நமக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

ஸ்பானிஷும் இதே வேலையைத்தான் செய்கிறது. இறந்தகால வடிவம் ஒன்றை எடுத்து, அதன் வாலை வெட்டி, வேறு வாலை ஒட்டி, ‘நடக்காதது, நினைப்பில் மட்டும் இருப்பது’ என்ற பொருளுக்குக் கொண்டுபோகிறது. ‘இறந்தகால வடிவத்தை வைத்துக்கொண்டு நாளைய விஷயத்தை எப்படிப் பேசுவது?’ என்ற கேள்வி இங்கிலீஷ் வழியாக வருபவரைக் குழப்பலாம். வந்தால், போனால் என்று பேசி வளர்ந்தவருக்குக் குழப்பம் வரக் காரணமே இல்லை.

ஒரு வித்தியாசத்தை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நான் வந்தால், நீ வந்தால், அவர்கள் வந்தால் என்று தமிழில் எல்லாருக்கும் ஒரே வடிவம். ஸ்பானிஷில் ஆளுக்கு ஆள் விகுதி மாறும். நம்மவர்கள் அதிகம் விடும் தப்பு இதுதான்: ‘நீ’ என்று சொல்ல வேண்டிய இடத்திலும் விகுதி இல்லாமல் மொட்டையாகச் சொல்லிவிடுவது.

படி 2: வடிவத்தை உருவாக்குவது

பிரெட்டரிட் என்ற சாதாரண இறந்தகாலத்தில் ‘அவர்கள்’ வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் ‘ரொன்’ என்று முடியும். அந்த ‘ரொன்’ஐ வெட்டிவிட்டு ‘ர’ ஒட்டுங்கள்.

அப்லாரொன், அவர்கள் பேசினார்கள். ‘ரொன்’ போனால் அப்லா. ‘ர’ சேர்ந்தால் அப்லார. சாப்பிடு என்பதற்கு கொமியேரொன், அதிலிருந்து கொமியேர. வாழ் என்பதற்கு விவியேரொன், அதிலிருந்து விவியேர.

ஆளுக்கேற்ற விகுதிகள்: நான் அப்லார, நீ அப்லாரஸ், அவர் அப்லார, நாம் அப்லாரமொஸ், நீங்கள் (பலரைப் பார்த்துச் சொல்வது) அப்லாரைஸ், அவர்கள் அப்லாரன். ‘ரைஸ்’ ஸ்பெயினில் மட்டும் புழங்குவது. லத்தீன் அமெரிக்காவில் ‘நீங்கள்’ என்பதற்கும் ‘ரன்’தான். ‘நான்’ வடிவமும் ‘அவர்’ வடிவமும் ஒன்றாக இருப்பதால், குழப்பம் வரும் இடத்தில் யொ, எல் என்று எழுவாயைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

எழுத்தில் அழுத்தக் குறி போட வேண்டியது ‘நாம்’ வடிவத்துக்கு மட்டும்: அப்லாரமொஸ், கொமியேரமொஸ். மற்றதற்குக் குறி கிடையாது.

இந்த விதிக்கு விலக்கே இல்லை. ஸ்பானிஷ் இலக்கணத்தில் ஒரு விலக்குகூட இல்லாத விதிகள் குறைவு, இது அதில் ஒன்று. ஒரு வினை எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும், அந்தக் கோணல் முழுக்க பிரெட்டரிட்டிலேயே வந்து முடிந்துவிடும். அதனால்தான் இந்தப் பாடத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் பிரெட்டரிட்டின் ‘அவர்கள்’ வடிவத்துக்குக் கொடுங்கள் என்கிறேன். அது தடுமாறினால் இது நிற்காது.

படி 3: கோணல் வினைகளைக் குடும்பம் குடும்பமாக

முதல் குடும்பம், நடுவில் ‘உ’ வருவது. வைத்திரு: துவியேரொன். இரு: எஸ்துவியேரொன். முடி, இயலு: புதியேரொன். போடு, வை: புஸியேரொன். தெரிந்திரு: ஸுப்பியேரொன். துணைவினை அபேர்: உபியேரொன். இவற்றிலிருந்து துவியேர, எஸ்துவியேர, புதியேர, புஸியேர, ஸுப்பியேர, உபியேர. பேச்சில் அதிகம் வரும் குடும்பம் இதுதான், முதலில் இதைப் படியுங்கள்.

இரண்டாவது, ‘இ’ வருவது: வா, வினியேரொன், செய், இஸியேரொன், விரும்பு, கிஸியேரொன்.

மூன்றாவது, ‘ஹ’ குடும்பம். இதில் நடுவே யகரம் கிடையாது என்பதைக் கவனியுங்கள். சொல்: திஹேரொன், திஹேர. கொண்டுவா: த்ரஹேரொன், த்ரஹேர. வண்டி ஓட்டு: கொந்துஹேரொன், கொந்துஹேர. ‘திஹியேர’ என்று சொல்லும் பழக்கம் ஒருமுறை நாக்கில் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது சிரமம்.

நான்காவது குடும்பத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கேள் என்பதற்கு பெதீர். ‘நான் கேட்டேன்’ என்றால் பெதீ, எகரம் அப்படியே இருக்கிறது. ஆனால் ‘அவர்கள்’ வடிவம் பிதியேரொன், எகரம் இகரம் ஆகிவிட்டது. இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் அதிலிருந்து பிறப்பதால் ‘நான்’, ‘நீ’ எல்லாவற்றுக்குமே இகரம்தான்: பிதியேர, பிதியேரஸ். உணர்: ஸிந்தியேர. தூங்கு: துர்மியேர. இற: முரியேர.

அப்புறம் உதிரிகள். படி: லெயேரொன், லெயேர. நம்பு: க்ரெயேர. கொடு: தியேர. பார்: வியேர. ‘இரு’ என்ற செர், ‘போ’ என்ற ஈர் இரண்டுக்கும் ஒரே வடிவம், ஃபுவேர. எது எது என்று வாக்கியத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அப்லார என்று ‘லா’வில் அழுத்தினால் இந்த வடிவம். அழுத்தம் கடைசிக்குப் போய் அப்லரா ஆனால் ‘அவர் பேசுவார்’ என்ற எதிர்காலம். தொமார, தொமரா, யெகார, யெகரா என்று இந்த வகை வினைகள் எல்லாவற்றிலும் இதே கதை. நம் பேச்சில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் காது இதைப் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும். வாய்விட்டு, கொஞ்சம் மிகைப்படுத்தியே சொல்லிப் பழகுங்கள்.

படி 4: ‘இருந்தால்’ எப்போது ‘ஸி துவியேர’ ஆகும்

வடிவம் கைக்கு வந்தாயிற்று. இனி எங்கே போடுவது என்பது. எல்லாரும் முதலில் கேட்கும் இடம் ‘ஸி’ வாக்கியம், அதாவது நம் ‘-ஆல்’. இதில் நிதானமாகப் போவோம்.

தமிழில் இரண்டு வேறு விஷயத்தை ஒரே வடிவத்தில் சொல்கிறோம்.

‘சாயங்காலம் மழை பெய்தால் வகுப்பு கிடையாது.’ பெய்யலாம், பெய்யாமலும் போகலாம், நடக்கக்கூடியதுதான்.

‘பாலாற்றில் தண்ணீர் இருந்தால் நெல் போடுவோம்.’ இதைச் சொல்பவருக்குத் தெரியும், இப்போது ஆற்றில் மணல்தான் இருக்கிறது.

ஸ்பானிஷ் இந்த இரண்டையும் பிரித்துவிடும். முதலாவது சாதாரண நிகழ்காலம்: ஸி யுவேவெ, நொ ஆய் க்லாஸெ. இரண்டாவது: ஸி உபியேர ஆக்வ என் எல் பாலாறு, ஸெம்ப்ரரீயமொஸ் அரோஸ். ‘ஸி’ பக்கம் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ், மறுபக்கம் ‘ரீய’ என்று ஒலிக்கும் கண்டிஷனல், அதாவது ‘அப்படி இருந்தால் இது நடக்கும்’ என்று விளைவைச் சொல்லும் வடிவம்.

எதைப் போடுவது என்று தீர்மானிக்க வகுப்பில் நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். வாக்கியத்தின் முடிவில் ‘ஆனால் இல்லையே’ என்று சேர்த்துப் பாருங்கள். ‘பாலாற்றில் தண்ணீர் இருந்தால் நெல் போடுவோம், ஆனால் இல்லையே.’ பொருந்துகிறது, அப்படியென்றால் சப்ஜங்டிவ். ‘சாயங்காலம் மழை பெய்தால் வகுப்பு கிடையாது, ஆனால் இல்லையே.’ பொருந்தவில்லை, அப்படியென்றால் சாதாரண நிகழ்காலம். எதிர்கால விஷயமாக இருந்து, நடக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு என்று சொல்பவர் நினைத்தாலும் சப்ஜங்டிவ் வரும். ‘லாட்டரி விழுந்தால்’ என்பது அந்த வகை.

இந்தச் சோதனை காப்பாற்றும் இன்னொரு இடம் பழைய பழக்கங்கள். ‘சின்ன வயதில் கோட்டைக்குப் போனால் அகழியைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.’ நடந்தது எல்லாம் இறந்தகாலம், ஆனால் உண்மையிலேயே நடந்தது. ‘ஆனால் இல்லையே’ ஒட்டாது. ஆகவே சப்ஜங்டிவ் இல்லாத சாதாரண இம்பர்ஃபெக்ட், அதாவது வழக்கமாக நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் இறந்தகாலம்: ஸி ஈப அல் ஃபுவேர்தெ, மிராப எல் ஃபோஸொ. இறந்தகாலம் என்றவுடனே ‘ர’ வடிவத்துக்குக் கை போகக்கூடாது.

‘ஸி’க்குப் பிறகு செய்யக்கூடாதவை இரண்டு. ஒன்று, கண்டிஷனலைப் போடுவது. ‘ஸி துவியேர’ என்பதற்குப் பதில் ‘ஸி தெந்த்ரீய’ என்று எழுதுபவர்கள் நிறைய. நம் பக்கத்து இங்கிலீஷில் ‘இஃப் ஐ வுட் ஹாவ்’ என்று பேசிப் பழகியது இங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். ஸ்பெயினின் வடக்கில், பாஸ்க் பகுதியிலும் அதைச் சுற்றியும், உள்ளூர்க்காரர்களே இப்படிப் பேசுவது உண்டு. ஆனாலும் பொது ஸ்பானிஷில் அது தப்பு, தேர்வில் மதிப்பெண் போகும். இரண்டாவது, நிகழ்கால சப்ஜங்டிவைப் போடுவது. ‘ஸி தேங்க’ என்று நிபந்தனை வாக்கியத்தில் வரவே வராது.

இன்னும் ஒன்று. ‘அவர் வந்தாரா என்று தெரியவில்லை’ என்பதற்கும் ஸ்பானிஷில் அதே ‘ஸி’தான். தமிழில் வந்தாரா என்று, வந்தால் என்று இரண்டும் தனித்தனி. ‘-ஆ என்று’ வரும் இடத்தில் ‘ஸி’க்குப் பின் சாதாரண வினை போதும். ‘-ஆல்’ வரும் இடத்தில் மட்டும் மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

படி 5: ‘வரச் சொன்னார்’, ‘வரணும்னு நினைத்தேன்’

என்னைக் கேட்டால், ‘ஸி’ வாக்கியத்தைவிட இந்தப் பயன்பாடுதான் அன்றாடப் பேச்சில் முக்கியம். ஒருவர் இன்னொருவரை ஏதோ செய்யச் சொன்னார், செய்ய வேண்டும் என்று விரும்பினார், செய்யக்கூடாது என்று தடுத்தார் என்று நேற்றைய கதை எதைச் சொன்னாலும் இது வந்து நிற்கும்.

முதல் வினை நிகழ்காலத்தில் இருந்தால் நிகழ்கால சப்ஜங்டிவ்: கியேரொ கெ வேங்கஸ், நீ வரணும்னு விரும்புகிறேன். முதல் வினை இறந்தகாலத்துக்கோ கண்டிஷனலுக்கோ போய்விட்டால் இரண்டாவது வினையும் கூடவே நகரும்: கெரீய கெ வினியேரஸ், நீ வரணும்னு விரும்பினேன். மெ குஸ்தரீய கெ வினியேரஸ், நீ வந்தால் நன்றாக இருக்கும்.

இருவர் தேவை என்பதை மறக்க வேண்டாம். நானே வர நினைத்தால் நம் ‘என்று’ போன்ற ‘கெ’ இல்லை, சப்ஜங்டிவும் இல்லை: கெரீய வெனீர். தமிழிலும் அப்படித்தானே? ‘வர நினைத்தேன்’ என்றால் நான் வருவது. ‘நீ வரணும்னு நினைத்தேன்’ என்றால் வேறொருவர் வருவது.

இப்போது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தீஹொ கெ வெனீய. வருவதாகச் சொன்னார்.

தீஹொ கெ வினியேர. வரச் சொன்னார்.

‘தீஹொ கெ’ இரண்டிலும் ஒன்றே. முதலாவது செய்தி, இரண்டாவது கட்டளை. வினையின் வால் மட்டுமே வேறுபாட்டைச் சுமக்கிறது. ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தூக்கத்திலும் சொல்ல வேண்டும். எல் மேதிகொ மெ தீஹொ கெ தொமார ல பஸ்தீய தெஸ்ப்வேஸ் தெ கொமேர்: சாப்பிட்ட பிறகு மாத்திரை போடச் சொன்னார் டாக்டர். ‘தொமார’வை ‘தொமாப’ ஆக்கினால், நான் ஏற்கெனவே அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன் என்று டாக்டர் சொன்னதாக ஆகிவிடும். எதிரே இருப்பவருக்கு மருந்து பற்றிய தகவலே மாறிப்போகும்.

மகிழ்ச்சி, வருத்தம், சந்தேகம் ஆகியவையும் இந்த வரிசையில் சேரும். நொ க்ரெயீய கெ ஃபுவேர வெர்தாத், அது உண்மைன்னு நான் நம்பவில்லை. மெ அலெக்ரே தெ கெ வினியேரஸ், நீ வந்ததில் எனக்குச் சந்தோஷம். இந்தக் கடைசி வாக்கியத்தில் தமிழ் நமக்கு உதவாது. நீ வந்தது உண்மை, நடந்து முடிந்தது. ஆனாலும் ஸ்பானிஷ் சப்ஜங்டிவைக் கேட்கிறது. உணர்ச்சியைச் சொல்லும் வினைக்குப் பின்னால் இப்படித்தான் என்று அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

படி 6: காட்பாடி வந்ததும் போன் பண்ணச் சொன்னார்

இந்த ஒரு வாக்கியத்தை உடைத்துப் பார்த்தால் பாதிப் பாடம் முடிந்தது.

மெ தீஹொ கெ லொ யமார க்வாந்தொ யெகார அ காட்பாடி.

இதில் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் இரண்டு. ‘யமார’, போன் பண்ணு என்று சொன்ன கட்டளை. அது போன படியிலேயே பார்த்தது. ‘யெகார’ எதற்கு? அவர் சொன்ன நேரத்தில் நான் காட்பாடிக்கு இன்னும் வந்து சேரவில்லை. ரயில் அரக்கோணத்திலோ சோளிங்கபுரத்திலோ இருந்திருக்கும். அந்தக் கணத்திலிருந்து பார்த்தால் வந்து சேர்வது இனிமேல் நடக்க வேண்டியது.

அதே கதையை நடந்து முடிந்தபின் சொல்வதாக இருந்தால்: லொ யமே க்வாந்தொ யெகே அ காட்பாடி. காட்பாடி வந்ததும் போன் பண்ணினேன். வந்தாயிற்று, பண்ணியாயிற்று, சப்ஜங்டிவுக்கு வேலை இல்லை. ‘வந்ததும்’ என்ற தமிழ்ச் சொல் இரண்டு வாக்கியத்திலும் மாறவில்லை. ஆகவே சொல்லைப் பார்க்காதீர்கள். சொன்ன நேரத்தில் அது நடந்துவிட்டதா, இன்னும் பாக்கியா என்று கேளுங்கள்.

ஆந்தெஸ் தெ கெ, நம் ‘-வதற்குள்’, இந்தக் கேள்விக்கே இடம் தராது, எப்போதும் சப்ஜங்டிவ். ஸலீமொஸ் ஆந்தெஸ் தெ கெ யொவியேர, மழை வருவதற்குள் கிளம்பிவிட்டோம். பிறகு மழை கொட்டித் தீர்த்திருந்தாலும் சரி, வடிவம் மாறாது. பர கெ என்ற ‘அதற்காக’வும், ஸின் கெ என்ற ‘-ஆமலேயே’வும் இதே மாதிரி: மி மாத்ரெ த்ரபஹோ பர கெ யொ எஸ்துதியார, நான் படிக்கணும்னு அம்மா உழைத்தார்.

படி 7: தேடும் ஆள், கிடைத்த ஆள்

வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பெங்காலிப் பேச்சு சாதாரணமாகக் காதில் விழும். சிகிச்சைக்காக மேற்கு வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் அவ்வளவு பேர் வருகிறார்கள்; கடைப் பலகைகளிலேயே பெங்காலி எழுத்தைப் பார்க்கலாம். அப்படி வந்த ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

புஸ்காபன் உன என்ஃபெர்மேர கெ அப்லார பெங்கலீ. பெங்காலி பேசும் நர்ஸ் யாராவது கிடைப்பார்களா என்று தேடினார்கள்.

எங்கொந்த்ராரொன் அ உன என்ஃபெர்மேர கெ அப்லாப பெங்கலீ. பெங்காலி பேசும் ஒரு நர்ஸைக் கண்டுபிடித்தார்கள்.

முதல் வாக்கியத்தில் அந்த நர்ஸ் அவர்கள் மனதில்தான் இருக்கிறார். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது, அதனால் அப்லார. இரண்டாவதில் ஆளே எதிரில் நிற்கிறார், அதனால் அப்லாப. தமிழில் ‘யாராவது’, ‘ஏதாவது’ என்று போட முடிகிற இடமா என்று பாருங்கள். முடிந்தால் சப்ஜங்டிவ்.

படி 8: ‘மாதிரி’யும் ‘பெய்யக்கூடாதா’வும்

கொமொ ஸி, நம் ‘மாதிரி’. முதல் வினை எந்தக் காலத்தில் இருந்தாலும் இதற்குப் பின் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ்தான், யோசிக்கவே வேண்டாம். ஆப்ல கொமொ ஸி லொ ஸுப்பியேர தோதொ, எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறான். ஆஸெ கலோர் கொமொ ஸி ஃபுவேர மாயொ, மே மாதம் மாதிரி வெயில் அடிக்கிறது. வேலூரில் பிப்ரவரி கடைசியிலேயே இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு வேலை வந்துவிடுகிறது.

ஒஹலா என்பது ஏக்கத்தைச் சொல்வது. ஒஹலா யுவேவ என்றால் மழை பெய்யட்டும். வானம் இருட்டியிருக்கிறது, பெய்தாலும் பெய்யும். ஒஹலா யொவியேர என்றால் ஒரு மழை பெய்யக்கூடாதா! கத்திரி வெயிலில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாதபோது வருவது. முதலாவது நிகழ்கால சப்ஜங்டிவ், இரண்டாவது நம் பாடம். இந்த ‘-க்கூடாதா’ தொனியை மனதில் பிடித்துக்கொண்டால் ஒஹலாவில் தடுமாற்றம் வராது.

படி 9: மரியாதையாகக் கேட்பது

ஆம்பூரிலிருந்து வரும் ஒருவர் ஸ்பெயின் பையருக்கு எழுதிய மெயிலை வகுப்பில் காட்டினார். கெரேமொஸ் கொன்ஃபிர்மார் ல ஃபேச்ச தெ எந்த்ரேக என்று தொடங்கியிருந்தது. டெலிவரி தேதியை உறுதிசெய்ய விரும்புகிறோம் என்று அர்த்தம். “இலக்கணப்படி சரிதானே சார்?” என்றார். சரிதான். ஆனால் முன்பின் பார்க்காத பையருக்கு முதல் மெயிலில் அது கொஞ்சம் கறாராகக் கேட்கும். கிஸியேரமொஸ் கொன்ஃபிர்மார் என்று மாற்றினோம். பொருள் மாறவில்லை, குரல் தணிந்துவிட்டது.

அடுத்த வரியில் சாம்பிளை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லி நேரடிக் கட்டளை இருந்தது. அதை இப்படி எழுதினோம்: லெஸ் அக்ரதெஸெரீயமொஸ் கெ நொஸ் என்வியாரன் லஸ் ம்வேஸ்த்ரஸ் ஆந்தெஸ் தெல் வியேர்னெஸ். வெள்ளிக்கு முன் சாம்பிள் அனுப்பினால் நன்றியுடையவர்களாக இருப்போம். முன்னால் கண்டிஷனல், பின்னால் ‘என்வியாரன்’. வியாபாரக் கடிதத்தில் இந்த அமைப்பு அப்படியே திரும்பத் திரும்ப வரும். உள்ளே வினையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தனி ஆளாகக் கடையில் கேட்கும்போது கிஸியேர உன் கஃபே, ஒரு காபி வேணுமே என்பது. இப்படி மரியாதைக்காக முதன்மை வாக்கியத்திலேயே நிற்கும் வினைகள் சிலதான்: கிஸியேர, புதியேர, தெபியேர. எல்லா வினையையும் இப்படிப் போட முடியாது.

படி 10: ‘ஸெ’ வடிவம்

புத்தகத்தில் அப்லாஸெ, கொமியேஸெ, துவியேஸெ என்று பார்த்தால் மிரள வேண்டாம். ‘ர’ இருக்கும் இடத்தில் ‘ஸெ’. ஸெ, ஸெஸ், ஸெ, ஸெமொஸ், ஸெய்ஸ், ஸென் என்று போகும். பொருள் ஒன்றே. லத்தீனில் இருந்த இரண்டு வேறு வடிவங்கள் ஸ்பானிஷில் ஒரே வேலைக்கு வந்து சேர்ந்ததால் இப்படி இரட்டையாக இருக்கிறது. லத்தீன் அமெரிக்கப் பேச்சில் ‘ர’தான், ஸ்பெயினிலும் ‘ர’ அதிகம், ‘ஸெ’ எழுத்தில் கூடுதலாகத் தென்படும். மரியாதைக்கான கிஸியேரவுக்குப் பதில் ‘ஸெ’ போடக்கூடாது. படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும், பேச ‘ர’வை மட்டும் பழகுங்கள்.

படி 11: இருந்திருந்தால்

நடந்து முடிந்ததை நினைத்து ‘இப்படி நடந்திருந்தால்’ என்று சொல்வது அடுத்த கட்டம். ஆச்சரியமான அளவுக்குத் தமிழும் ஸ்பானிஷும் இங்கே ஒன்றாக நடக்கின்றன. நாம் ‘இரு’ என்ற துணைவினையைக் கொண்டுவந்து ‘-ஆல்’ விகுதியை அதன் மேல் ஏற்றுகிறோம்: வந்திருந்தால். அவர்கள் அபேர் என்ற துணைவினையைக் கொண்டுவந்து ‘ர’ விகுதியை அதன் மேல் ஏற்றுகிறார்கள்: உபியேர யெகாதொ. பஸ் முன்னாடியே வந்திருந்தால் ரயிலைப் பிடித்திருப்பேன்: ஸி எல் அவுதொபூஸ் உபியேர யெகாதொ ஆந்தெஸ், அப்ரீய அல்கன்ஸாதொ எல் த்ரேன். பிடித்திருப்பேன் என்பதிலும் ‘இரு’, அப்ரீய என்பதிலும் அபேர். பேச்சில் அந்த ‘அப்ரீய’வுக்குப் பதிலாகவும் ‘உபியேர’ என்றே சொல்வார்கள், அதுவும் சரி.

பழகுவது எப்படி

முதல் சில நாள் வாக்கியமே வேண்டாம். ‘நேற்று அவர்கள்’ என்று மனதில் சொல்லிக்கொண்டு ஒரு வினையின் ‘ரொன்’ வடிவத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், உடனே ‘ர’வுக்கு மாற்றுங்கள். துவியேரொன், துவியேர. திஹேரொன், திஹேர. பஸ்ஸில் போகும்போது செய்யலாம். அப்புறம் ஒரு நாளில் உங்களிடம் யார் யார் என்னென்ன செய்யச் சொன்னார்கள் என்று ராத்திரி நாலு வரி எழுதுங்கள், எல்லாம் ‘மெ தீஹொ கெ’ என்று தொடங்கட்டும். அம்மா தயிர் வாங்கிவரச் சொன்னது, மேனேஜர் ஃபைல் அனுப்பச் சொன்னது, எதுவானாலும் சரி. ‘ஸி’ வாக்கியங்களை அதற்குப் பிறகு எடுங்கள். பெரும்பாலான புத்தகங்கள் ‘ஸி’யில் தொடங்குகின்றன, அதில் கண்டிஷனலும் சேர்ந்து வருவதால் ஒரே நேரத்தில் இரண்டு சுமை. டெலே என்ற ஸ்பானிஷ் மொழித்திறன் தேர்வில் பி2 நிலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டுமே கட்டாயம்.

இந்த நான்கையும் ஸ்பானிஷில் சொல்லிப் பாருங்கள், விடையைப் பார்க்காமல். அக்கா என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். நாளைக்கு மழை பெய்தால் ஏலகிரி போக மாட்டோம். எனக்கு ரெக்கை இருந்தால் பறப்பேன். பெங்காலி பேசும் டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள்.

முதலாவது, மி எர்மான மெ தீஹொ கெ வினியேர அ காஸ. இரண்டாவதில் ‘ஆனால் இல்லையே’ ஒட்டாது, ஆகவே ஸி யுவேவெ மஞான, நொ இரேமொஸ் அ ஏலகிரி. மூன்றாவதில் ஒட்டும்: ஸி துவியேர ஆலஸ், வொலரீய. நான்காவது, ப்ரெகுந்தாரொன் ஸி அபீய அல்கூன் மேதிகொ கெ அப்லார பெங்கலீ. ‘இருக்கிறார்களா என்று’ என்பதால் ‘ஸி’க்குப் பின் சாதாரண அபீய, ‘யாராவது’ என்பதால் அதற்கு அடுத்து அப்லார. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சரியாகப் போட்டிருந்தால், நீங்கள் தைரியமாக அடுத்த பாடத்துக்குப் போகலாம்.